ஒண்ணரை கோல்

— மெதுவா இழுடி பாமா, விரலும் சேர்ந்து வந்துடப் போகுது.

— வராது. வீங்கியிருக்கு. கிளவுஸும் புதுசு, அதான் பிடிக்குது. எங்க இடிச்சீங்க?

— கோல் கம்பத்துல. பாய்ஞ்ச வேகம் அப்படி. நல்ல கிளவுஸ், அதனாலதான் இத்தோட போச்சு. ஜமால் பாய் வாங்கிக் குடுத்தார்னு சொன்னேன்ல?

— சொன்னீங்க. நாள் பூரா அவர் கடை கல்லாவுலதான் உக்காந்திருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல மனுஷன்.

— உன்னைக் கேட்டுக்கிட்டுத்தான் செய்யணுமா... ஐஸ் இருக்கா?

— எதிர்க்கடையில வாங்கி வச்சேன். கரன்ட் எட்டு மணிக்குத்தானாம். இந்தாங்க, பிடிச்சுக்குங்க.

— ஆ... காதுல என்ன, கம்மலைக் காணோம்?

— திருகு தேஞ்சு போச்சு. லான்மடாவ் பக்கம் ஒரு கடையில குடுத்திருக்கேன். அதை விடுங்க. ஜெயிச்சுட்டீங்களாமே.

— ரெண்டுக்கு ஒண்ணு. க்யிம்யிண்டைங் படகுத்துறை ஆளுங்க, அந்த ஜெட்டி டீமை மண்ணைக் கவ்வ வச்சோம். கோப்பை நம்ம கிளப்புக்கு.

— அப்புறம் ஏன் தெருவே எழவு வீடு மாதிரி கிடக்கு? டீக்கடையில ஒருத்தர் வாயைத் திறக்கல.

— காசு கட்டினவங்க. வயித்தெரிச்சல்.

— யார் மேல கட்டினாங்க?

— நம்ம மேலதான். இந்த மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில இருந்துக்கிட்டு வேற யார் மேல கட்டுவான்?

— நாமதான் ஜெயிச்சோமே.

— அது... சொன்னா உனக்குப் புரியாது.

— சொல்லுங்க. ஐஸ் கரையற வரைக்கும் எனக்கும் வேலை இல்ல.

— இதோ பாரு. நாம பெரிய டீம். ஜெட்டிக்காரன் சோப்ளாங்கி. நாமதான் ஜெயிப்போம்னு ஊருக்கே தெரியும். அப்ப ஜெட்டிக்காரன் மேல எவன் காசு கட்டுவான்?

— கிறுக்கன்தான் கட்டுவான்.

— ஆங். அதனால டைங் என்ன பண்ணுவான்...

— டைங்னா பந்தயக் காசு வாங்கறவன். உங்க சிநேகிதர் தங்கமணி மாதிரி.

— அவன் பேரை ஏன் இழுக்கற? அவன் சகவாசமே வேண்டாம்னு காளியம்மன் கோயில்ல கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணியாச்சுல்ல?

— பண்ணினீங்க. அதை நம்பித்தான் மோல்மீன் ஊர்ல இருக்கற அக்கா வீட்டுலேர்ந்து திரும்பி வந்தேன். இன்னொரு தடவை போனா வர மாட்டேன்னும் சொல்லிட்டுத்தான் வந்தேன்.

— ஞாபகம் இருக்கு, இருக்கு.

— சரி, டைங் என்ன பண்ணுவான்?

— நம்ம தலையில ஒண்ணரை கோல் சுமையை ஏத்துவான். நாம போட்ட கோல்லேர்ந்து அந்த ஒண்ணரையைக் கழிச்சுட்டுப் பாத்தாலும் நாம முன்னால நிக்கணும். அப்பத்தான் நம்ம மேல கட்டினவனுக்குக் காசு.

— அரைக் கோல் எப்படிங்க போடுவீங்க? பந்து பாதி உள்ள, பாதி வெளியவா?

— கிண்டலா? அரை எதுக்குன்னா, சமமா நின்னு இழுபறி ஆகக் கூடாதுன்னு. ரெண்டு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சா கட்டினவன் பிழைச்சான். ஒரே ஒரு கோல்னா, டீம் ஜெயிச்சும் அவன் தோத்தான்; ஜெட்டிக்காரன் மேல கட்டினவனுக்குத்தான் காசு.

— அப்ப ரெண்டுக்கு சைபர்ல நின்னிருந்தா...

— நின்னுச்சு. கடைசி வரைக்கும் நின்னுச்சு. முடியப் போற நேரத்துல ஒரு கார்னர் கிக். நம்ம பின்வரிசைப் பையன் மாஹிர், தான் மறிக்க வேண்டிய ஆளை விட்டுட்டான். அந்த ஆள் தலையால தட்டினான். உள்ள போயிடுச்சு.

— மாஹிர் தப்பா?

— புதுசா வந்தவன். பதட்டம்.

— அழுதானாமே.

— ...அழுதான்.

— நம்ம தெரு ஆளுங்களே சட்டையைப் பிடிச்சு அடிச்சாங்களாமே. நீங்க என்ன பண்ணினீங்க?

— விலக்கி விட்டேன்.

— இல்லையே. கிளவுஸைக்கூடக் கழட்டாம, தலையைக் குனிஞ்சுக்கிட்டு மைதானத்துக் கேட்டு வழியா வெளிய போனீங்க.

— எவன் சொன்னான்?

— யாரும் சொல்லல.

— நீ... வந்திருந்தியா? வர வேண்டாம்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே.

— அதனாலதான் வந்தேன். உங்க வலைக்குப் பின்னாடி, சுண்டல்காரர் பக்கத்துல நின்னேன்.

— அப்ப பாத்திருப்பியே, வெயில் நேரா கண்ணுல அடிச்சுது...

— வெயில் உங்க முதுகுல அடிச்சுது.

— பந்து சுழிச்சுக்கிட்டு வந்துச்சு, பாமா.

— பந்தை நான் பாக்கல. கம்பத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன். ஒவ்வொரு கார்னருக்கும் கம்பத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவீங்க. காய்ச்சலோட ஆடினப்பக்கூட அதை விட்டதில்ல. இன்னிக்கும் ஆட்டம் பூரா தொட்டீங்க. அந்தக் கடைசி கார்னருக்கு மட்டும் கை பாதி தூரம் போய்... திரும்பிடுச்சு.

— மறந்திருப்பேன்.

— மறந்தவர் கை பாதி தூரம் போகாதுங்க.

— ஐஸ் கரைஞ்சுடுச்சு.

— எட்டற பந்துதானே அது?

— எட்டற பந்துதான். இப்ப என்ன? தோத்துட்டோமா? தங்கமணி தோக்கச் சொல்லல, தெரிஞ்சுக்கோ. ஜெயிச்சுக்கோ, ஒரு கோலோட நிறுத்திக்கோன்னான். அதுல யாருக்கு என்ன குறைஞ்சு போச்சு?

— மாஹிர்கிட்ட போய் இதைச் சொல்லுங்க.

— சூதாடினவன் அழட்டும். நானா கட்டச் சொன்னேன்? நாங்க சேத்துல புரண்டு ஆடறோம், எவன் ஆட்டத்தைப் பாக்கறான்? அத்தனை பேரும் போன்ல கணக்கைத்தான் பாக்கறான். ரெண்டாவது கோல் விழுந்ததும் கை தட்டினானே, எங்களுக்கா தட்டினான்? அவன் ஒண்ணரைக்குத் தட்டினான். அவனுங்க எங்களை வச்சுக் காசு பாக்கலாம், நான் என்னை வச்சுப் பாக்கக் கூடாதா?

— நான் உங்களுக்குத்தான் தட்டினேன்.

— ...ஒரே ஒரு தடவைடி. இதோட சரி.

— போன மழைக்காலத்துலயும் ஒரே ஒரு தடவைதான்.

— காளியம்மன் மேல சத்தியமா...

— வேண்டாங்க. அந்தம்மாவை விட்டுடுங்க. கிளவுஸ் வந்த அன்னிக்கே ஜமால் பாய்கிட்ட நன்றி சொன்னேன். எந்த கிளவுஸ்மான்னு அவர் முழிச்சார். அது தங்கமணி காசுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

— தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட கேக்கல?

— கேட்டா இல்லன்னு சொல்லுவீங்க. நானும் நம்பித் தொலைப்பேன். அதான் கேக்கல.

— அதுக்காக? மூட்டை கட்டப் போறியா? அந்தக் கட்டிலுக்கு அடியில இருக்கறது என்ன... கட்டியே வச்சிருக்கியா?

— கட்டித்தான் வச்சிருக்கேன். அவிழ்க்கற மாதிரி இருந்தா அவிழ்க்கலாம்னு லேசாத்தான் கட்டினேன்.

— பெரிய இவ. மோல்மீன் பஸ்ஸுக்குக் காசு ஏது உனக்கு? சம்பளம் வாடகைக்கே பத்தல. கம்மலும் கடையில கிடக்கு. எந்த மகராசன் குடுத்தான்?

— நீங்கதான் குடுத்தீங்க. ஜெட்டிக்காரன் மேல எவன் காசு கட்டுவான்னு கேட்டீங்களே, நான்தாங்க அந்தக் கிறுக்கி. கம்மலை லான்மடாவ்ல ஒரு டைங்கிட்ட வச்சுக் கட்டினேன். நீங்க அந்தப் பந்தைப் பிடிச்சிருந்தா கம்மல் போயிருக்கும், நான் இங்கயே இருந்திருப்பேன். கம்மல் போகட்டும், போகட்டும்னு வேண்டிக்கிட்டே வலைக்குப் பின்னாடி நின்னேன்... ஜெயிச்சுட்டேங்க.