மூன்றாவது எலி

சென்னியப்பன்: இந்த டப்பா எங்க இருந்துச்சுங்க அத்தை?

கமலாத்தாள்: எம் மக மயிலாத்தா கட்டிலுக்குக் கீழதான். கணப்புச் சட்டிக்குப் பக்கத்துல. நீங்க வெக்கச் சொன்ன எடம்... ஏனுங்க மாப்பிள்ளை, கருமாதிக்கு வந்தவியெல்லாம் போயாச்சு. ஒரு வாய் சாப்பிடுங்க.

சென்னியப்பன்: மூடி?

கமலாத்தாள்: தொறந்துதான் கெடந்துச்சு. எம் புள்ளை அதைப் பாத்துப் பாத்துச் சிரிப்பா. ‘அவருக்கு மூத்த சம்சாரம் இந்த டப்பாதான், நான் எளையவ’ம்பா.

சென்னியப்பன்: ...வெளிய என்ன வண்டிச் சத்தம்?

கமலாத்தாள்: பேறு பாத்த மதலேனம்மா சாமான் ஏத்தறா. பொழுது சாயறதுக்குள்ள இந்த எருத்தேன்பதி ஊரை விட்டுப் போயிரோணும்னு ஊருக்குள்ள சொல்லிட்டாங்க.

சென்னியப்பன்: எதுக்கு?

கமலாத்தாள்: எதுக்கா? பிள்ளை பெத்த ஒம்பதாம் நாளு, கணப்புச் சட்டியில கரியை அள்ளிக் கொட்டி எம் மகளைக் கொன்னுட்டாளாமா. கொளந்தை எங்கூட முன்வாசல் ஆசாரத்துல படுத்துக் கெடந்துச்சு, பொழச்சுது... அதை விடுங்க. அந்த டப்பாவுல இருக்கற பொடி என்னத்துக்குன்னு சொல்லுங்க. நீங்க வெக்கச் சொன்ன அன்னைக்கே கேக்கோணும்னு இருந்தேன்.

சென்னியப்பன்: ஓட்டுச்சில்லை நொறுக்கி, அது மேல செம்பையும் மாங்கனீசையும் ஏத்திச் சுட்டது. கரி எரிஞ்சா ஒரு விஷக் காத்து வருமுங்க. நெறமில்லை, வாசமில்லை. அது இந்தச் செம்பு மேல வந்து உக்காரும். உக்காந்தா விஷம் முறிஞ்சுரும். சண்டைக் காலத்துல முகமூடிக்குள்ள இந்த மாதிரிப் பொடிதான் வெச்சாங்க.

கமலாத்தாள்: அப்ப... முறிஞ்சிருக்கோணுமே?

சென்னியப்பன்: காலேஜுல முறிஞ்சுதுங்க. ரெண்டு சாடி, ரெண்டு எலி. பொடி வெக்காத சாடியில செத்துப் போச்சு. பொடி வெச்சதுல ஓடுச்சு.

கமலாத்தாள்: சொன்னா, சொன்னா. ‘அப்ப நான் மூணாவது எலியா’ன்னு உங்களைக் கேட்டாளாமா.

சென்னியப்பன்: கேட்டா.

கமலாத்தாள்: நீங்க என்ன சொன்னீங்க?

சென்னியப்பன்: சிரிச்சனுங்க.

கமலாத்தாள்: அந்தப் பொடியை எதுக்குக் கையில கொட்டறீங்க?

சென்னியப்பன்: இங்க பாருங்க. உதிரியா இருக்கோணும். கட்டி தட்டிப் போச்சு. ஈரம்.

கமலாத்தாள்: தண்ணி யாரும் ஊத்தலீங்களே! ஐப்பசி மழை... கொளந்தைத் துணி காயவே மாட்டேன்னுது. சட்டிக்கு மேல கொடி கட்டி, நான்தான்... அய்யோ. நாலு சொட்டு விழுந்திருக்கும். நாலு சொட்டுலயா மாப்பிள்ளை?

சென்னியப்பன்: சொட்டே வேண்டாமுங்க. மழைக்காத்து போதும். விஷம் உக்கார்ற எடத்துல தண்ணி போயி உக்காந்துக்கும். அப்புறம் இது வெறும் மண்ணு.

கமலாத்தாள்: உங்களுக்கு இது முன்னாடியே...

சென்னியப்பன்: எலியைச் சித்திரையில பாத்தனுங்க. ஐப்பசியை நெனைக்கலை.

கமலாத்தாள்: எங்க கெளம்பிட்டீங்க? உக்காருங்க!

சென்னியப்பன்: வண்டியை நிறுத்தோணும். மதலேனம்மா எந்த ஊட்டுலயும் சன்னலைச் சாத்த உடமாட்டா.

கமலாத்தாள்: போயி என்னன்னு சொல்லுவீங்க?

சென்னியப்பன்: சாத்தச் சொன்னது நான்னு. மயிலாத்தாவுக்குக் கடுதாசி போட்டேன். ‘பொடி இருக்குது, பயமில்லை. வாடைக்காத்து ஆகாது, சன்னலைச் சாத்திக்கோ’ன்னு. பதினாறு நாளா ஆருகிட்டயும் வாயைத் தொறக்கலை. அந்தக் கடுதாசியைத் தேடிட்டே இருந்தேன்.

கமலாத்தாள்: தேடாதீங்க. அடுப்புல போட்டுட்டேன்.

சென்னியப்பன்: ...உங்களுக்குப் படிக்கத் தெரியாதே.

கமலாத்தாள்: அவ படிச்சுக் காட்டுனா. ஆத்தா இல்லாத கொளந்தைக்கு அப்பனாவது மிஞ்சட்டும்னுதான்...

சென்னியப்பன்: தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா அந்தப் பொம்பளையை வண்டியேற விட்டீங்க?

கமலாத்தாள்: உங்களுக்காக மட்டும் இல்லீங்க மாப்பிள்ளை.

சென்னியப்பன்: பின்னே ஆருக்கு?

கமலாத்தாள்: கடுதாசியைப் படிச்சும் எம் புள்ளை சாத்தலை. ‘தலையை வலிக்குதம்மா, கொஞ்சம் தொறந்தே இருக்கட்டும்’னா. நான்தான்... ‘படிச்ச புருசன் எழுதியிருக்காரு, சும்மா படு’ன்னு சன்னலைச் சாத்திக் கொண்டி போட்டேன்.