கெஸியாவுக்கு வந்த துப்பாக்கி

திருப்பி அனுப்பறதுக்கு உங்க கூரியர் தாள்ல கையெழுத்து அப்பறம் போடறேனுங்ணா. மொதல்ல இதப் புடிச்சுப் பாருங்க. பயப்படாதீங்க, காத்துத் துப்பாக்கிதான், உள்ள குண்டு இல்ல. நேத்து நீங்க கொண்டாந்த அதே பொட்டிதான். கெஸியான்னு பேரு போட்டிருக்குதுல்ல, அது நாந்தான்.

வலது கைல புடிங்க. சொகமா உக்காருதா? உக்காரும். இப்ப எடது கைல புடிங்க. பாத்தீங்களா... கட்டவெரலுக்கு எடமே இல்ல. சுடறப்ப கன்னம் வெக்கற கட்டையும் அந்தப் பக்கமா பொடச்சுக்கிட்டு நிக்குது. எனக்கு இருக்கறது இந்த எடது கை ஒன்னுதானுங்களே. வலது கை தேயில பேக்டரி ரோலர்ல போயி பதினோரு வருசமாச்சு. அத விடுங்க, அது பழைய கத.

ஒத்தக் கைக்காரிக்குத் துப்பாக்கி பாக்கறது பொண்ணுக்கு மாப்பிள பாக்கற மாதிரிங்ணா, ஆளாளுக்கு ஒன்னச் சொல்லுவாங்க. எங்கூட்டுக்காரரு அழகர்சாமி, துப்பாக்கியத் தொட்டே பாக்காத மனுசன், கனம் கம்மியா வாங்குன்னாரு. கனத்த நானா தூக்கறேன், மேசைல வெக்கற ஸ்டாண்டுதான தாங்குது? எனக்கு வேண்டியது குண்டு போடற நெம்புகோலு எடது பக்கம் இருக்கோணும். அவ்வளவுதான். இதுல பாருங்க, வலது பக்கம். இப்படி எக்கி மேல கைய உட்டு இழுத்தா ஸ்டாண்டோட சாயுது. நேத்தே ரெண்டு தடவ சாஞ்சுது. சொவத்துல சுண்ணாம்பு பேந்துருச்சு.

குன்னூர் கிளப்புல இருக்கற துப்பாக்கிய ஒவ்வொரு குண்டுக்கும் நடுவுல மடக்கோணும். அதுக்கு ரெண்டு கை வேணும். கோச் ரொனால்ட் அண்ணன்தான் மடக்கித் தருவாரு. நல்ல மனுசன். ஆனா அறுபது குண்டுக்கு அறுபது தேங்க்ஸ் சொல்லிப் பாருங்க, நல்ல மனுசன் மேலயே கோவம் வரும். ஞாயித்துக்கெழம கோயமுத்தூர்ல என்னைய மாதிரி ஆளுங்களுக்குத் துப்பாக்கி சுடற டீமுக்கு செலக்சன். அங்கயும் குண்டு போட்டுத் தர ஆள் வெச்சுக்கலாம்னு ரூல் இருக்குதுங்க. இருந்துட்டுப் போகட்டும். ஒரே ஒரு தடவ நானே போட்டு நானே சுடோணும்னு எனக்கு ஆச. வேற ஒன்னும் கேக்கல.

கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டு வஞ்சேன். நீங்க எழுதுன மாதிரிதான் அனுப்புனோம்ங்கறான். நான் எழுதுன மாதிரியாமா. படிக்கத் தெரியாதவனையெல்லாம் வேலைக்கு வெச்சா இப்படித்தான்... ஏனுங்ணா, வாச்சியப் பாக்காதீங்க, கட்டபெட்டு பஸ்ஸே இன்னும் வரல.

என்னது, பொட்டிக்கு அடில தாளா? ஆர்டர் நகலா? குடுங்க குடுங்க, அவன் லட்சணத்த நீங்களும் பாருங்க. பேரு... சரி. ஊரு அரவேணு... சரி. எந்தக் கை...

வலது.

இது என்ற எழுத்துதானுங்க. எடது கைல பழகுனது, இந்தக் கோழிக் கிறுக்கல் வேற யாருக்கும் வராது.

இல்லீங்ணா, கேளுங்க. பென்சன் ஆபீசுல போனது எந்தக் கைம்பாங்க, வலதும்பேன். பஸ் பாசுக்கு எந்தக் கை, வலது. ஆஸ்பத்திரி சர்டிபிகேட்டு, ரயில் சலுக, எங்க போனாலும் அதே கேள்வி, அதே பதில். பதினோரு வருசமாக் கை தானா எழுதிப் பழகிருச்சு. இருக்கற கை எதுன்னு ஒருத்தரும் கேட்டதில்லீங்க. இவன் ஒருத்தன் கேட்டிருக்கான். நான் இல்லாத கையச் சொல்லிப்போட்டேன்.