வெள்ளியில் ஒரு கை

வெள்ளிக்கிழமை காலை, அரியலூரிலிருந்து பெரம்பலூர் செல்லும் பஸ். எனக்கு முன் சீட்டில் அக்காளும் தங்கையும். தங்கையின் புருஷனுக்கு துபாயில் மெஷினில் கை மாட்டிவிட்டதாம். கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் ஒரே ஒரு வரி வந்திருந்தது, கை 'மேங்கிள்' ஆகிவிட்டது என்று.

"மேங்கிள்னா கை போயிடுச்சுன்னு அர்த்தமாக்கா?"

"போனா மெயிம்னு போட்டிருப்பான். இது சிதைஞ்சிருக்கும்டி."

"சிதைஞ்சா வச்சிருப்பாங்களா, எடுத்துருவாங்களா?"

"கிரஷ்னு இருந்தாதான் பயப்படணும்னு நம்மூர் நர்ஸம்மா சொல்லுச்சு."

"அப்ப இது அதுக்குக் கம்மியா, ஜாஸ்தியா?"

"எனக்கென்னடி தெரியும்? சிறுவாச்சூர் காளிக்கு வெள்ளியில கை உரு வாங்கிப் போடறேன்னு வேண்டிக்க."

"கையே இல்லன்னா, எதுக்குக்கா உரு?"

அக்காள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போன் அடித்தது. புருஷனிடமிருந்து வீடியோ கால். தங்கை எப்படியிருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

"கையக் காட்டுங்க."

போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அது இல்லங்க. இன்னொரு கை."