குறுக்கே யாரும் வராத ரோடு

— உட்காருங்க தங்கச்சி. இருங்க, ஸ்டூல்ல கரி, தொடைச்சுத் தரேன்.

— உட்கார வரல பாய். ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன். இந்தப் படந்தானே எங்க வீட்டுக்காரரக் கொன்னுச்சு?

— எந்தப் படம்மா?

— கீழ வாசல்ல போஸ்டர் ஒட்டியிருக்கீங்களே, கார் பந்தயப் படம். நாளைக்குக் காலைக் காட்சின்னு. இது இல்லாட்டி இன்னொண்ணு. எந்த இங்கிலீஷ் பந்தயப் படம் வந்தாலும் ஞாயித்துக்கிழமை பூசையில ஆசீர்வாதம் குடுக்கறதுக்கு முன்னாலயே எந்திரிச்சிருவாரு. கேட்டா, "தாஜுதீன் பாய் எனக்காக மெஷினப் போடாம காத்துக்கிட்டு இருப்பாரு லூர்து"ம்பாரு.

— காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இன்னாசி மாடியேறி வந்து பக்கத்துல உட்கார்ந்தாத்தான் எனக்கு முதல் ரீலு ஓடும். ஏழு வருசப் பழக்கம்மா. அல்லா அறிய, கூடப்பிறந்தவன் மாதிரி.

— அந்தக் கூடப்பிறந்தவரு ஒரு நாள் "போதும், வீட்டுக்குப் போ"ன்னு சொல்லியிருக்கலாமே. ஊரே இப்பச் சொல்லுது பாய், ரேஸ் படம் பாத்துப் பாத்துக் கிறுக்குப் பிடிச்சு டவுன் பஸ்ஸ அப்படி ஓட்டிட்டான்னு. முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு வெளிய வரேன், வீரம்மாளோட மகன் கோயில் வாசல்ல நிக்கிறான். "உங்க புருசன் பந்தயம் விடறதுக்கு எங்கம்மா உசுருதான் கெடைச்சுதா"ன்னு கேக்குறான். சத்தம் போட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாக் கேட்டான்.

— வீரம்மாளா... இன்னாசியோட அன்னைக்குப் போனவங்களா?

— ஆமா. முன்சீட்ல காலித் தயிர்ப்பானையோட உட்கார்ந்திருந்திருக்காங்க. திருவானைக்காவல்ல இறங்க வேண்டியவங்க.

— கண்டக்டர் என்ன சொல்றாரு?

— வேகம் முப்பதுக்கு மேல போகலைங்கறாரு. யாரு நம்புறா? புதுப் பாலம் இறங்குனதும் ஓரத்துல ஒரு மணல் லாரி நிக்குது. நின்னுக்கிட்டிருக்கிற லாரி பின்னால போயி மோதுனா, கண்மண் தெரியாம வந்தான்னுதானே சொல்லுவாங்க.

— நீங்களும் அப்படித்தான் நம்புறீங்களா தங்கச்சி?

— நான் நம்பணும் பாய். அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஆமா, இந்தப் படம்தான் அவரக் கெடுத்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, போயி ராத்திரி தூங்குவேன்.

— எப்படிம்மா சொல்லுவேன்?

— அப்ப, அப்படி என்னதான் இருக்கு இதுல, அதையாவது சொல்லுங்க. ஒரு தடவை என்னையும் கூட்டிட்டு வந்தாரு. பேசுறது புரியல. கதைன்னும் ஒண்ணு இல்ல. சுத்துன ரோட்டையே சுத்திக்கிட்டு இருந்தாங்க. எனக்குத் தலைவலிதான் வந்துச்சு. அவரு முகத்தப் பாத்தா, பூசையில சாமியார் கையால நன்மை வாங்கிட்டு வர்றவரு மாதிரி இருந்துச்சு.

— நானும் கேட்டிருக்கேன். "ஆறு நாளும் வண்டிதான் ஓட்டுற, ஏழாம் நாளும் வண்டியையே பாக்கணுமா"ன்னு. அதுக்கு அவரு சொன்னாரு: "பாய், சத்திரம் பஸ் ஸ்டாண்டுல எடுத்து ஸ்ரீரங்கம் போய்ச் சேர்றதுக்குள்ள எத்தனை உசுரு குறுக்க வருது. சைக்கிளு, எருமை, பந்து பொறுக்க ஓடி வர்ற புள்ள, கோபுரத்தப் பாத்துக் கும்பிட்டுக்கிட்டே நடுரோட்டுல நிக்கிறவரு. ஒவ்வொண்ணுக்கும் என் உசுரு போயிப் போயித் திரும்புது. இந்தப் படத்துல பாருங்க, குறுக்க ஒருத்தரும் வரமாட்டாங்க. வண்டி, ரோடு, அவ்வளவுதான். அப்படி ஒரு ரோட்டுல ஒரு நாள் ஓட்டிட்டா எனக்குப் போதும்"னாரு.

— எங்கிட்ட இப்படியெல்லாம் சொன்னதில்ல.

— அப்புறம் அந்தச் சத்தம். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குரலு இருக்காம். "இவன் வளைவுக்கு முன்னால கியரு இறக்கிட்டான், தோத்தான்"ம்பாரு. சொன்ன மாதிரியே தோப்பான்.

— சாப்பிடறப்பகூட அவரு இடது கை தானா கியர் போடும். சின்னவ அதப் பாத்துச் சிரிப்பா... சரி பாய். இவ்வளவு நெதானமான மனுசன் அன்னைக்கு மட்டும் ஏன் அப்படிப் போனாரு?

— வேகமாப் போகலம்மா.

— அப்ப?

— எங்கிட்ட ஒரு சத்தியம் வாங்கியிருக்காரு.

— செத்தவருக்கு என்ன பாய் சத்தியம்?

— மௌத்தானவருக்குக் குடுத்த வாக்குக்குத்தாம்மா கனம் அதிகம். ஆனா ஊரு அவர ரேஸ்காரன்னு சொல்றதக் கேட்டுக்கிட்டு இனிமே என்னால இருக்க முடியாது. உட்காருங்க, சொல்றேன்.

— சொல்லுங்க.

— போன வருசம் ஐப்பசி. இதே மாதிரி ஒரு பந்தயப் படம். பாதியில மெஷின்ல வெளிச்சத்துக்கு எரியிற கார்பன் குச்சி அணைஞ்சு போச்சு. அது அணைஞ்சா திரை இருட்டாயிரும். சத்தத்துக்குத் தனி பல்பு, அது பாட்டுக்கு ஓடும். கொட்டகை பூரா விசிலு. நான் புதுக் குச்சி மாட்டிக்கிட்டு இருக்கேன். இன்னாசி இந்த ஓட்டை வழியாத் திரையவே பாத்துக்கிட்டு, "பாருங்க பாய், இப்ப முந்திருவான் பாருங்க"ங்கறாரு.

— விசில் சத்தம் கேட்டிருக்குமே.

— வண்டி முந்துனாலும் சனங்க விசிலடிப்பாங்கதானே. அதுன்னு நெனைச்சிருக்காரு. திரையில ஒண்ணுமே இல்லம்மா. வெறும் இருட்டு. அவரு சிரிச்சுக்கிட்டுப் பாக்குறாரு.

— மாதாவே.

— ஷோ முடிஞ்சதும் கையப் புடிச்சுக் கேட்டேன். ஒடைஞ்சு அழுதுட்டாரு. வெயில்ல நேரா இருக்கறது தெரியுதாம். பொழுது மசங்கிட்டா எல்லாம் புகையாம். கொட்டகைக்குள்ள வந்தா சுத்தமா ஒண்ணும் தெரியாதாம். ரெண்டு வருசமா அவரு இங்க படம் பாக்க வரலம்மா. கேக்க வந்தாரு.

— அதனாலதான் பகல் டூட்டியாக் கேட்டு வாங்குனாரு.

— ஆமா. லாரியில மோதுன அன்னைக்குச் சாயந்தர டிரைவருக்குக் காய்ச்சல். இன்னொரு நடை எடுத்துட்டுப் போன்னுட்டாங்க. லாரிக்காரன் பின்னால விளக்குப் போடல. அந்த மசங்கல்ல இன்னாசி கண்ணுக்கு அது லாரி இல்ல. வெறும் ரோடு.

— ...இத நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?

— அதுதாம்மா என்னைத் தின்னுக்கிட்டு இருக்கு. அவரு இங்க அழுத அன்னைக்கு ராத்திரியே உங்க வீட்டுப் படியேறி வந்திருக்கணும். "லூர்துவுக்கு ஒண்ணும் தெரியாது பாய், தெரிஞ்சா ஸ்டியரிங்கத் தொட விடமாட்டா. மூணும் பொம்பளப் புள்ளைங்க"ன்னு காலப் புடிக்க வந்தாரு. நானும் வாய மூடிக்கிட்டேன். படத்தத் திட்டாதீங்க தங்கச்சி. என்னைத் திட்டுங்க. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீங்க தடுத்திருப்பீங்க. வீரம்மாளும் வீடு போய்ச் சேர்ந்திருப்பாங்க.

— எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னா சொன்னாரு?

— ஆமாம்மா. மூணு தடவை சொன்னாரு. என்னைத்தான் நீங்க மன்னிக்கணும்.

— உங்கள மன்னிக்க நான் யாரு பாய்? வருசா வருசம் டிரைவருங்களுக்கு வைக்கிற கண் டெஸ்டுக்கு முதல் நாளே போயி, டாக்டர் ரூம் சுவத்து அட்டையில இருந்த எழுத்தையெல்லாம் வரிசையா எழுதிக்கிட்டு வந்து, விடிய விடிய அவர மனப்பாடம் பண்ண வச்சு அனுப்புனதே நான்தான்.