அம்மாவுக்கு ஒரு வாய்

— சோத்து முயலுக்குக் காது வைச்சாச்சு. இனிக் கண்ணுக்கு என்ன வைப்பம், பிரசாந்தி? கரட் கிடக்கோ?

— பாக்கேல்லை மச்சாள்.

— பிறிஜ்ஜைத் திறந்து பாக்கிறதுக்கு என்னடி? சரி சரி, இரு. நானே பாக்கிறன். உதென்ன, முந்தநாள் நான் கொண்டு வந்த கத்தரிக்காய்க் குழம்பெல்லோ? அப்பிடியே கிடக்கு.

— ஓம்.

— நீ தொடவே இல்லை.

— பசிக்கேல்லை மச்சாள்.

— உன்ரை பசியைப் பிறகு பாப்பம். முதல் உவள் கீர்த்தியின்ரை வயித்தைப் பாப்பம். கிளினிக்கிலை என்ன சொன்னவை?

— நிறை குறைஞ்சு போச்சாம். அடுத்த முறையும் இப்பிடியெண்டால் ஆசுப்பத்திரி வாட்டிலை மறிச்சுப் போடுவினமாம்.

— பெத்த பிள்ளையை வாட்டிலை மறிப்பினமாம். அதை நீ பஸ் நேரம் சொல்லுற மாதிரிச் சொல்லுறாய்.

— அழுகையோ கோவமோ ஒண்டும் வருகுதில்லை மச்சாள். நானென்ன செய்ய.

— என்ரை தம்பி இருக்கேக்கை உந்தப் பிள்ளை சோறு திண்டவள்தானே?

— திண்டவள். அவர் தோட்டத்தாலை வந்து, கறியெல்லாம் போட்டுக் குழைச்சு உருட்டினால் கையை நீட்டிக்கொண்டு நிப்பாள்.

— அப்ப தேப்பனிலை ஏங்கிப்போனாள். வேறை ஒண்டுமில்லை.

— இடியப்பம் தின்னுறாள். பாண் தின்னுறாள். சோத்தைக் கண்டாத்தான் ஓடுறாள். நான் அரிசி கழுவினாலே குசினிக்குள்ளை நிக்கமாட்டாள். பள்ளிக்கூடத்திலையும் தொடுறேல்லையாம், ரீச்சர் சொன்னவ.

— ஆடுற மாட்டை ஆடிக் கறக்கோணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கோணும். பிள்ளையளும் அப்பிடித்தான். அண்டைக்கு பீற்றூட் போட்டு றோசாச் சோறு கொண்டு வந்தனானெல்லே, அது என்ன மாதிரி?

— கோழிக்குக் கொட்டினவள்.

— கொக்குவிலிலை இருந்து ஸ்கூட்டியிலை, சூடு ஆறாமல் கொண்டு வந்தனான். கோழிக்கோ?

— என்ரை சோத்துக் கோப்பையையும் தட்டி விட்டவள். நான் ஒரு வாய் வைக்கப் போனன். வெளி முத்தத்திலையிருந்து ஓடிவந்து கையிலை அடிச்சவள். எல்லாம் நிலத்திலை.

— கொழுப்பு. ரெண்டு போட்டிருக்கோணும்.

— கூட்டி அள்ளினனான். பிறகு சாப்பிடேல்லை.

— நீயும் தின்னாமல் அவளும் தின்னாமல்... தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் போன என்ரை தம்பி, மிசினுக்குப் பக்கத்திலை விழுந்து கிடந்தான். ஒரு வாய் தண்ணி குடுக்கவும் ஆளில்லை. நான் இண்டைக்கும் நினைச்சு நினைச்சு அழுறன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிஞ்சுது, நீ இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. ஒருக்கா அழன், பிரசாந்தி.

— சோறு ஆறப்போகுது மச்சாள்.

— உன்னோடை கதைச்சுப் பிரயோசனமில்லை. கீர்த்தி! கீர்த்திக்குஞ்சு! இஞ்சை ஓடி வாங்கோ. மாமி என்ன செய்து வைச்சிருக்கிறன் எண்டு பாருங்கோ.

— முயல்.

— ஓம், வெள்ளை முயல். காது அப்பளம், கண் கரட். காதை ஆர் கடிக்கப் போறது?

— நான்.

— கடியுங்கோ. ஆ, கெட்டிக்காரி. இனி முயலின்ரை வண்டி வயித்திலை ஒரு கிள்ளு கிள்ளுங்கோ பாப்பம்.

— அது சோறு.

— சோறில்லைக் குஞ்சு, முயல்.

— சோறு, மாமி.

— விடுங்கோ மச்சாள். அவள் தின்னமாட்டாள்.

— நீ சும்மா இரு. கீர்த்தி, நீங்கள் சாப்பிடவே வேண்டாம். சரியோ? நாங்கள் ஒரு விளையாட்டு விளையாடுவம். இண்டைக்கு அம்மாதான் குழந்தைப்பிள்ளை. நீங்கள் பெரியாள். நீங்கள்தான் தீத்தி விடோணும்.

— வேண்டாம்.

— அம்மாவைப் பாருங்கோ, எவ்வளவு மெலிஞ்சு போனா. பாவமெல்லே? பிரசாந்தி, பிள்ளை தந்தால் தின்னுவாய்தானே?

— தந்தால் தின்னுவன்.

— கேட்டியளோ? தின்னுவாவாம். எங்கை, கையை விரியுங்கோ. நான் பிடிச்சுக்கொள்ளுறன். பிரசாந்தி, கிட்ட வந்து வாயைத் திற. ஆ... அம்மாவுக்கு ஒரு வாய்.

— மாட்டன்.

— ஏன் குஞ்சு கையை இழுக்கிறியள்? சுடாது, நல்லா ஆறிப்போச்சு. போடுங்கோ ராசாத்தி. அம்மாவுக்கு ஒரு வாய்.

— விடுங்கோ மாமி! அண்டைக்கும் நீங்கள் இப்பிடித்தான் கையைப் பிடிச்சனீங்கள்.

— எண்டைக்கு?

— அப்பா பெட்டிக்குள்ளை படுத்திருக்கேக்கை. என்னைத் தூக்கி, கையிலை அரிசி தந்து, அப்பாவுக்கு ஒரு வாய் போடுங்கோ எண்டனீங்கள்.

— அது... அது வாய்க்கரிசி குஞ்சு. எல்லாரும் போட்டது. மாமியும் போட்டனான், அம்மாவும் போட்டவ.

— நீங்கள் போடேக்கை ஒண்டும் நடக்கேல்லை. நான்தான் கடைசி.

— நீங்கள் சின்னப்பிள்ளை எண்டபடியால் கடைசியா விட்டது...

— நான் போட்ட உடனைதான் பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு போனவை. அம்மா, வாயை மூடுங்கோ. கெதியா மூடுங்கோ.