நாலு நிமிட இருட்டு

நல்ல படம் ஒன்றைப் பார்த்து முடித்த உடனேயே கருத்துச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. ஒரு கிழமையாவது போகவேண்டும். நானென்றால் தேநீர் குடித்து, கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்து, அதற்குப் பிறகுதான் பேனாவை எடுப்பேன்.

நீங்கள் காணாமற்போனவர்களின் விபரம் திரட்ட வந்திருக்கிறீர்கள். கனிசியஸைப் பற்றிக் கேட்டீர்கள். அவனைப் பற்றிச் சொல்வதென்றால் அந்தப் படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். என் பெயர் அடைக்கலநாதன். குருநகரில் கடற்றொழிலாளர் சங்கமொன்றில் எழுதுவினைஞர். மணமாகவில்லை. ஆறுதலாக எழுதிக்கொள்ளுங்கள், நான் அவசரப்படமாட்டேன்.

எண்பத்துநாலாம் ஆண்டு கனிசியஸின் மைத்துனர் ஜேர்மனியிலிருந்து ஒரு வீடியோ கசெற் அனுப்பினார். மெரிக் என்ற அமெரிக்க இயக்குநரின் முதற்படம். பெரிய கம்பனி எதிலும் சேராமல், தன் ஊர்ச் சனத்தையே நடிக்கவைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கனிசியஸ் வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவன். எங்களில் வீடியோ டெக் வைத்திருந்தவன் அவன்தான். கோவில் மண்டபத்து யன்னல்களைச் சேலைகளால் மறைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் பதினைந்து பேர் இருந்து பார்த்தோம்.

கதை சின்னது. ஒரு மீன்பிடி ஊர். அண்ணனும் தம்பியும் கடலுக்குப் போகிறார்கள். அண்ணன் மட்டும் திரும்புகிறான். படம் முழுக்க அவன் ஊரைச் சுற்றுகிறான், ஒருவருக்கும் சொல்லவில்லை. கடைசியில் வீட்டுக் கதவில் கை வைக்கிறான். உடனே திரை இருண்டுவிடுகிறது. நாலு நிமிடம் இருட்டு. அதோடு படம் முடிகிறது.

குருநகரில் கடலுக்கு ஆளைக் கொடுக்காத வீடு குறைவு. அன்று மண்டபத்தில் ஒருவரும் எழும்பவில்லை. கனிசியஸ் அழுதான். அவனுடைய தகப்பனும் கடலில் போனவர்.

நான் ஒரு கிழமை கழித்து எழுதினேன். நாங்கள் றோணியோ மெசினில் பிரதி அடித்துப் பங்கிடும் இதழ் ஒன்று இருந்தது. கத்தரீனா என்ற ஆசிரியை அதைத் தொகுத்தார். அந்த இருட்டைப் பற்றி ஆறு பக்கம் எழுதினேன். சொல்லமுடியாத செய்தியைக் காட்ட மறுப்பதுதான் அந்தக் கலைஞனின் நேர்மை என்று விளக்கினேன். அச்சுவேலியிலிருந்தும் அளவெட்டியிலிருந்தும் ஆட்கள் சைக்கிளில் வந்து படத்தைப் பார்த்தார்கள். பார்த்தபின் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். அதற்கு முன் என்னிடம் ஒருவரும் எதையும் கேட்டதில்லை, சீனிக் கூப்பனைத் தவிர.

இடையில் மெரிக் பெரிய கம்பனியொன்றோடு சேர்ந்து கலர்ப் படம் எடுத்தார் என்று அறிந்தோம். அந்தக் கசெற்றும் வந்தது. எல்லோரும் ஏசினார்கள். விலைப்பட்டுவிட்டார் என்றார்கள். நான் அமைதியாக இருந்தேன். முதற்படம் இருக்கும்வரை எனக்கு அவர் போதும்.

எண்பத்தெட்டு மாசியில் மைத்துனர் முதற்படத்தின் இன்னொரு பிரதியை அனுப்பினார். அதே மண்டபம், அதே சேலைகள். அண்ணன் கதவில் கை வைத்தான். கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. அவனுடைய மனைவி சூப் வார்த்துக் கொடுத்தாள். அவன் தம்பியைப் பற்றி ஒரே ஒரு வசனம் சொன்னான். அவள் அவன் தலையைத் தடவி, முதலில் சாப்பிடு என்றாள். நாலு நிமிடம்.

பிறகு கனிசியஸ் சிரித்தான்.

"அண்ணை, அது நேர்மையும் இல்லை ஒண்டும் இல்லை. கசெற் பழுது. நாலு வருசமாப் பழுதான கசெற்றுக்கு விளக்கம் குடுத்திருக்கிறியள்."

எல்லோரும் சிரித்தார்கள். கத்தரீனாவும் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அதன்பின் ஒவ்வொருவராக மாறினார்கள். அழுதவர்கள் படம் சாதாரணம் என்றார்கள். ஏசியவர்கள் கலர்ப் படம்தான் உண்மையில் நல்லது, அதில் ஒளிப்பு மறைப்பு இல்லை என்றார்கள். கனிசியஸ் இதழில் ஒரு பக்கம் எழுதினான். நாங்கள் ஆழம் என்று நினைத்தது வெறும் இருட்டு என்பது அதில் ஒரு வசனம். சந்தையில் என்னை இருட்டண்ணை என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எனக்குக் கோபம் இருக்கவில்லை. பகிடியை நான் பகிடியாகவே எடுத்துக்கொள்வேன்.

பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, இதழ்ப் பிரதிகளோடு சைக்கிளில் போகும்போது இராணுவச் சென்றியில் மறித்தார்கள். றோணியோத் தாள் என்றால் ஆமிக்கு அது துண்டுப் பிரசுரம்தான். முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அது முன்பு யாரோ ஒருவரின் வீடு. என்னை இருத்திய அறையில் குழந்தைகளின் உயரத்தைச் சுவரில் கோடு கோடாகக் குறித்திருந்தார்கள். பக்கத்து அறையில் ஒருவன் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்குப் பிறகு கேட்கவில்லை. நான் பயந்தேன். அதை மறைக்க மாட்டேன். கதவடியில் சப்பாத்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சிறுநீர் போய்விடுமோ என்று பயம். ஒருமுறை போனது.

செவ்வாய் காலை கப்டன் விசாரித்தார். படித்த மனிதர். தாளில் என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். படத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேட்டார். இருட்டைப் பற்றியும் சொன்னேன். சுவாரசியமான கருத்து என்றார். இரண்டு மாதத்தில் அதைச் சிரிக்காமல் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

பிறகு சொன்னார், நாளைக்கு உங்கள் ஊரைச் சுற்றிவளைக்கிறோம், இயக்கத்தோடு தொடர்புள்ளவர்களைக் கண்டால் தலையை ஆட்டினால் போதும் என்று. இன்னும் ஒன்று சொன்னார். அதை இதுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. பதிவுக்காகச் சொல்கிறேன். "ஒருவரும் இல்லையென்றால் இல்லையென்றே சொல்லுங்கள். எப்படியும் நாளை பின்னேரம் நீங்கள் வீட்டுக்குப் போகலாம்."

புதன் காலை ஒலிபெருக்கியில் ஆண்கள் எல்லோரையும் விளையாட்டுத் திடலுக்கு வரச் சொன்னார்கள். என்னை ஜீப்பில் இருத்தித் தலையில் சாக்கைப் போட்டார்கள். வெங்காயச் சாக்கு. கண்ணுக்கு இரண்டு ஓட்டை. மூச்சு எடுக்கும்போதெல்லாம் சாக்கு வாயோடு ஒட்டியது. யாராவது என் கையைப் பார்த்து, போட்டிருந்த சேட்டைப் பார்த்து அறிந்துவிடுவார்களோ என்று பயந்தேன். ஆனால் வந்தவர்கள் ஒருவரும் என் கையைப் பார்க்கவில்லை. ஓட்டைகளைத்தான் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள், ஒவ்வொன்றும் வெளிறிப்போய், என்னிடம் ஏதோ கெஞ்சுவதுபோல் நின்றன. சந்தையில் இருட்டண்ணை என்று கூப்பிட்ட சந்தியோகுவின் உதடு துடித்தது.

உண்மையாகவே தொடர்புள்ள இரண்டு பேர் வந்தார்கள். நான் தலையை ஆட்டவில்லை. காட்டிக்கொடுப்பது எனக்குப் பிடிக்காது. அவர்கள் இன்று வெளிநாட்டில் நன்றாக இருக்கிறார்கள்.

பிறகு கனிசியஸ் வந்தான். கையில் இயந்திர எண்ணெய் ஊறியிருந்தது. அவன் மற்றவர்களைப்போல் கெஞ்சவில்லை. உள்ளே இருப்பவன்மேல் இரக்கப்படுவதுபோல் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. கசெற் பழுது என்று சொன்ன அன்றும் அப்படித்தான் பார்த்தான்.

நான் தலையை ஆட்டினேன்.

கப்டன் குனிந்து கேட்டார். நிச்சயமா, வடிவாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். சாக்குக்குள் கதைக்கமுடியவில்லை. மறுபடியும் ஆட்டினேன்.

கனிசியஸ் இழுபறிப்படவில்லை. தன் மனைவி எங்கோ பின்னால் நிற்கிறாள் என்று நினைத்தானோ தெரியாது, சத்தமாகச் சொன்னான்.

"அற்புதம், பயப்பிடாதை. உவையளுக்கு ஆள் மாறிப்போச்சு. விசாரிச்சுப்போட்டு விடுவினம்."

விடவில்லை. அற்புதராணி முகாமுக்கும் அலுவலகங்களுக்கும் அலைந்தாள். அவளுக்குத் தமிழில் வடிவாக எழுத வராது. மனுக்களையெல்லாம் நான்தான் எழுதிக்கொடுத்தேன். உங்கள் கோப்பில் இருக்கும் கடிதமும் என்னுடையதுதான், எழுத்தைப் பார்த்தால் விளங்கும். "உங்களை அவங்கள் விட்டுட்டாங்கள் அண்ணை, அவரையும் விடுவாங்கள்தானே" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். "ஓம் பிள்ளை, விடுவாங்கள்" என்பேன். அவளுக்கு ஆறுதல் சொல்ல வேறு ஆள் இல்லை. ஆனாலும் வாசற் படலைச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எழும்பி எட்டிப் பார்க்கிறேன். இன்று நீங்கள் வந்தபோதும், அவன்தான் வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

அந்தச் சித்திரையில் கத்தரீனா என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. கனிசியஸின் கையெழுத்தில் ஒரு தாளை நீட்டினார்.

"உங்களை ஆமி பிடிச்சதெண்டு கேள்விப்பட்டு அவன் செவ்வாய்க்கிழமை என்னட்டை ஓடி வந்தவன். அண்ணை வந்த உடனை குடுங்கோ எண்டான். எனக்கு இவ்வளவு நாளும் இதைத் தர மனம் வரேல்லை."

"ஏன்?"

அவர் என் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த மாதம் கொழும்புக்குப் போய்விட்டார். இதழும் நின்றது.

தாளில் எட்டு வரி. படத்தைத் தனியாக மறுபடியும் இரண்டு முறை பார்த்ததாக எழுதியிருந்தான். சூப் காட்சி நல்லதுதானாம், ஆனால் நாலு வருடம் பார்த்த அந்த இருட்டு அதைவிட நல்லதாம், தன் தகப்பனை அந்த இருட்டில்தான் கண்டதாம். 'அடைக்கலண்ணை சொன்னதுதான் சரி. நான் எல்லாருக்கும் முன்னாலை சிரிச்சிருக்கக்கூடாது. இதையும் எல்லாருக்கும் முன்னாலை வாசிக்க வேணும்.'

அதை நான் ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை. நடை கொஞ்சம் கரடுமுரடு, திருத்தவேண்டும். அற்புதராணிக்கும் காட்டவில்லை. அவளுக்குப் படங்களில் ஈடுபாடு இல்லை. இதோ இருக்கிறது, கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அன்று சாக்குக்குள் இருந்தவன் நான் என்றும், தலையை ஆட்டியவன் நான் என்றும், ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்றும் எழுதுங்கள். கையெழுத்து வைக்கிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் இந்தத் தாளை ஞாயிற்றுக்கிழமையே என்னிடம் தந்திருந்தால் இவ்வளவும் நடந்திராது. கனிசியஸ் நல்லவன்தான், ஆனால் எதையும் கொஞ்சம் பிந்தித்தான் செய்வான்.