படங்கள் தீர்ந்த பிறகும் ஓடும் இசை

ஒரு படம் திரையில் ஆறு நொடிக்கு மேல் நின்றால் ஜனங்கள் காபியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் நடக்கும் கல்யாணம், பள்ளிப் பட்டமளிப்பு, சாவு எல்லாவற்றுக்கும் படத்தொகுப்பு செய்து கொடுப்பவள் நான்தான், அனுபவத்தில் சொல்கிறேன். பாட்டு எப்போதும் படங்களைவிட நீளமாகத்தான் இருக்கும். நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்க்க வேண்டும். சேர்த்த இடம் காதுக்குத் தெரியக் கூடாது.

அதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. பக்கத்து வீட்டு லவோன் தன் கணவரின் சாவுக்கு நான் செய்ததைப் பற்றி இன்னும் சொல்வாள்: "எங்க வீட்டுக்காரர் மீனைத் தூக்கிப் பிடிச்ச படம் வந்துச்சு பாரு, கரெக்டா அங்க டிரம் அடி விழுந்துச்சு. அழுதுக்கிட்டிருந்தவ சிரிச்சிட்டேன்டி ஆர்டிஸ்." ஆர்டிஸ் என் பெயர்.

ஆகவே என் மகள் கிர்ஸ்டன் தன் பதிவை என்னிடம் கொடுத்ததில் வியப்பில்லை. அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. செல்லோ என்ற பெரிய வயலின் வாசிப்பாள். கிழக்கே ஓர் இசைக் கல்லூரியில் சேர ஆசை. ஒரே மூச்சில் வாசித்த பதிவு வேண்டும், எங்கும் வெட்டு இருக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. தேவாலயத்தில் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்துவிட்டு, ஐஸ்கிரீம் கடை வேலைக்கு ஓடும் அவசரத்தில் இருந்தாள்.

"நீயே அனுப்பிடும்மா. இன்னொரு தடவை கேட்டா நான் அழுதுடுவேன்."

நான் கேட்டேன். மிக நன்றாக இருந்தது. சிக்கலே அதுதான்.

அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில்தான் என் கணவர் போய்ச் சேர்ந்திருந்தார். இங்கே மினசோட்டாவில் நவம்பரில் சாத்திய ஜன்னலை ஏப்ரலில்தான் திறப்போம். அந்த வீட்டில் தனியாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைப்பானேன்?

பதிவின் நடுவிலிருந்து எட்டு நொடியை வெட்டி எடுத்தேன். வழக்கமாக மறைக்கும் இடத்தை இந்த முறை கொஞ்சம் தெரிய விட்டேன். சாதாரணக் காதுக்குப் பிடிபடாது, பயின்ற காதுக்குப் பிடிபடும். அந்த அளவில் நிறுத்துவது சுலபமல்ல.

வெட்டிய இடத்தையும் குறிப்பிட்டு, மோசடிப் பதிவு என்று கல்லூரி தள்ளிவிட்டது. அவளுடைய ஆசிரியை அதன் பிறகு யாரிடமும் அவளைப் பரிந்துரைக்க மறுத்துவிட்டாள். சின்ன ஊர், ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"நான் எதையும் வெட்டலம்மா. சத்தியமா."

"எனக்குத் தெரியும்டா கண்ணு," என்றேன். அது முழு உண்மை. அவளிடம் நான் பொய்யே சொன்னதில்லை. நீ வெட்டினாயா என்று அவள் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

செல்லோ துணி துவைக்கும் அறைக்குப் போனது. கிர்ஸ்டன் மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். போர்வை மடிக்கும்போது மறுமுனையைப் பிடிக்க எனக்கு ஆள் இருந்தது. பாத்திரம் கழுவும்போது சில நாள் அந்த இசையை முணுமுணுப்பாள். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். தானே எங்கோ பிசகிவிட்டதாக எண்ணிக்கொண்டாள் போலும். பல வருடம் அப்படியே ஓடியது.

இந்த ஏப்ரலில் எனக்கு எழுபது வயது. எனக்குத் தெரியாமல் எனக்கொரு படத்தொகுப்பு செய்ய நினைத்து, பாட்டுக்காக என் கம்ப்யூட்டரைத் துழாவியிருக்கிறாள். மூலப் பதிவை நான் ஒருபோதும் அழிப்பதில்லை. இந்த வேலை தெரிந்த யாரும் அழிக்க மாட்டார்கள்.

காலையில் அடுப்பருகே வந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை.

"அந்த இடம் இருக்கும்மா. நான் சரியாத்தான் வாசிச்சிருக்கேன்."

"ரொம்ப நல்லா வாசிச்சிருந்தே."

கோட்டை மாட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தாள். ஏரி மேல் உறைந்த பனிக்கட்டி ஏப்ரலில் ஆளைத் தாங்காது என்பது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். திரும்பி வந்து பெட்டி கட்டியிருப்பாள். நான் கூப்பிடவில்லை.

ஷெரீஃப் அலுவலகத்திலிருந்து வந்த போலீஸ்காரன், பனிக்கட்டி உடைந்து மூழ்கிய விபத்து என்று எழுதிக்கொண்டு போனான். எங்கள் தேவாலயப் பாஸ்டர் டேல்தான் சங்கடப்பட்டார்.

"சனிக்கிழமை அடக்கத்துல காட்டுற படங்களை நீங்களே பண்ணணும்னு இல்ல, ஆர்டிஸ். என் பையன்கிட்ட சொல்றேன்."

"உங்க பையன் பாட்டைப் பாதியில அறுத்துடுவான், பாஸ்டர்."

நானே செய்தேன். பதினெட்டு வயதுவரை படங்களுக்குக் குறைவில்லை. அதற்குப் பிறகு ஒரே சோபா, ஒரே கிறிஸ்துமஸ் மரம், ஒரே ஸ்வெட்டர். இசைக்கு அவளுடைய பதிவையே போட்டேன், முழுசாக. படங்கள் தீர்ந்த பிறகும் அது எட்டு நொடி ஓடியது. கடைசிப் படத்தையே நிறுத்தி வைத்திருக்கலாம். ஆனால் ஜனங்கள் காபியைத் தேடுவார்கள்.

அதனால் அதே இடத்தை எடுத்துவிட்டேன். இந்த முறை அவசரப்படவில்லை. அந்த ஆசிரியையே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. பெற்ற பிள்ளைக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன தாய்?